பஸ்காரம்மா வீட்டுக்காரர்

முப்பது வருஷத்துக்கு மேல் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர் அவர். ஆனாலும் அந்தப் பக்கம் போய் "போலீஸ்காரர் வீடு எது?" என்று கேட்டால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். "பஸ்காரம்மா வீடு" என்று கேட்டால், மாவு அரைக்க வந்தவர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து வாசல்வரை காட்டிவிட்டுப் போவார். அவருக்கென்று ஊர் வைத்த பெயரே 'பஸ்காரம்மா வீட்டுக்காரர்' என்பதுதான். ஸ்டேஷனில் அப்படிக் கூப்பிட்டார்கள், மளிகைக் கடையில் அப்படிக் கூப்பிட்டார்கள், ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்ட அதிகாரிகூடப் பேச்சுவாக்கில் அப்படித்தான் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

இப்போது அவருக்கு வேலை என்று பெரிதாக எதுவுமில்லை. துவைத்த துணிகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவார், மடிப்பார், இஸ்திரி போடுவார். ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போடும்போதெல்லாம் அந்த ஒரு வருஷம் நினைவுக்கு வந்துவிடும். நல்ல வருஷம் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு உயிர் போன வருஷம், ஊர் இரண்டாகப் பிளந்த வருஷம். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் அவர் மனம் ஏனோ இளகிவிடும். அப்போது அந்த மாடியில் கேட்ட குரலை நினைத்துத்தான்.

அந்தக் குரலை அவர் முதன்முதலில் கேட்டது ஒரு நாற்சந்தியில். வேலைக்குச் சேர்ந்த புதிது. போக்குவரத்துப் பிரிவில் ஆள் குறைவென்று அவரைக் கொண்டுபோய் நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்கள். வலது கை எதற்கு, இடது கை எதற்கு என்று முந்தின இரவு மனப்பாடம் செய்ததெல்லாம் காலையில் மறந்துபோனது. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்க, நான்கு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு நகரப் பேருந்து. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு பெண்ணின் தலை வெளியே வந்தது.

"போலீஸ்கார ஐயா! கை காட்டுறீங்களா, இல்ல ஈ ஓட்டுறீங்களா?"

பேருந்து முழுக்கச் சிரித்தது. பக்கத்துப் பேருந்தும் சிரித்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. ஆனால் அடுத்த விடுமுறை நாளில் அதே பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அப்படியே திரும்பி வந்தார். மறுவாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்காமலேயே அவள் கேட்டாள்:

"உங்களுக்கு எங்கதான் போகணும்?"

"இங்கதாங்க" என்றார் அவர். வாழ்நாளில் அவர் பேசிய ஒரே துணிச்சலான வசனம் அதுதான் என்று பஸ்காரம்மா பின்னாளில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரின் சீருடைகளும் ஒரே கொடியில் காய்ந்தன. அவருடையது கருநீலம், அவளுடையது வெளிர்நீலம். கருநீலச் சாயம் ஒரு தடவை வெளிர்நீலத்தில் இறங்கிவிட்டது. "ஊர் முழுக்க உங்க சாயத்தைப் பூசுறது போதாதுன்னு என் சட்டையிலுமா?" என்றாள். இஸ்திரி போடுவது அவர் பொறுப்பு. சமையல் மாறி மாறி. ஒரே மகள். மற்றதெல்லாம் எல்லார் வீட்டையும் போலத்தான்.

நாற்சந்தியில் பட்ட அவமானத்துக்குப் பிறகு அவரைத் தெருவில் நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. ஸ்டேஷனின் பின்பக்கத்தில் ஆயுத அறையைக் கொடுத்தார்கள். அங்கேதான் சர்வீஸ் முழுக்கக் கழிந்தது. கம்பி போட்ட சின்ன ஜன்னல். காலையில் ஆட்கள் வரிசையாக வருவார்கள். துப்பாக்கியும் தோட்டாக்களும் எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் திரும்ப வாங்கிக் குழாயைத் துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டி வைப்பார். மனுஷர்மேல் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பயிற்சித் திடலில் அட்டைப் பொம்மையைச் சுட்டதோடு சரி. "அதுவும் பயந்துபோய்க் கீழே விழுந்திருக்காது, சிரிச்சு விழுந்திருக்கும்" என்பாள் அவள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் விரலில் அந்த எண்ணெய் வாசனை போகாது. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது அவள் மூக்கைச் சுளிப்பாள், ஆனால் தட்டை வாங்கிக்கொள்வாள்.

ஸ்டேஷனில் எல்லாருக்கும் இளையவனாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. கடைக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவைத் தொலைவில் விட்டுவிட்டு ஒண்டியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. பஸ்காரம்மாவை அக்கா என்பான், அவரை அண்ணே என்பான். அண்ணனுக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தால் எப்போதும் அக்கா கட்சி. சோறு போடுகிற கட்சி அதுதானே.

பஸ்காரம்மாவின் பேருந்திலும் அப்படி ஒருவன் உண்டு. ஒயர்மேன். தினமும் காலையில் கருவிப் பையோடு ஏறுவான். அந்தப் பையை வழியில் வைத்து எல்லார் காலையும் தடுக்கிவிடுவான். "பையை மடியில வையி, இல்ல பையை மட்டும் அனுப்பிட்டு நீ நடந்து வா" என்று தினமும் திட்டு வாங்குவான். திட்டை வாங்கிக்கொண்டே ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று ஊர்க்கதை முழுவதையும் சொல்லுவான். யார் வீட்டில் புதிதாக மின்விசிறி, யார் கடையில் மின்கசிவு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது அவனால்தான்.

ஒரு நாள் அந்தி நேரத்தில் கடைத்தெருவில் மின்சாரம் போனது. துணிக்கடையின் பின்சுவர் ஓரமாக ஒருவன் கையில் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று யாரோ ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்கள். பக்கத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்தது கடைக்குட்டிதான். ஓடினான். சுவரோரம் நின்ற உருவம் சத்தம் கேட்டுத் திரும்பியது. கையில் ஏதோ நீண்டிருந்தது. கடைக்குட்டி சுட்டான்.

நீண்டிருந்தது துளைபோடும் டிரில் மெஷின். விழுந்தவன் ஒயர்மேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஆயுத அறைக்காரர் அன்று வீட்டுக்கு வந்தபோது பஸ்காரம்மா சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். செய்தி அவளுக்குப் பேருந்திலேயே வந்து சேர்ந்திருந்தது.

"நம்ம ஒயர்மேனா?" என்றாள்.

"ஆமா."

"சுட்டது... நம்ம கடைக்குட்டியா?"

"ஆமா."

 காலையில் அந்தத் துப்பாக்கியைக் கம்பி ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தவர் அவர். 'பாத்துப் போடா' என்று சொல்லிக் கொடுத்திருந்தார். தினமும் எல்லாரிடமும் சொல்வதுதான். அன்று சொன்னது மட்டும் காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

இலாகாவே விசாரித்தது. விசாரணை சீக்கிரமே முடிந்தது. எச்சரித்த பிறகே சுட்டார், கடமையைத்தான் செய்தார், தவறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊர் கொதித்தது. போலீஸைப் போலீஸே விசாரித்தால் வேறென்ன வரும், சம்பந்தமில்லாத பொதுமக்கள் குழு ஒன்று போலீஸைக் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு பக்கம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பவனை வீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவன் எடைபோடுவதா என்று இன்னொரு பக்கம். முடிதிருத்தும் கடையில் பாதி முகத்துக்குச் சோப்பு போட்டபடியே சண்டை நடந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பஸ்காரம்மாவின் பேருந்தில் இடப்பக்க இருக்கைகளும் வலப்பக்க இருக்கைகளும் ஒன்றையொன்று முறைத்தபடி பயணம் போயின.

ஒயர்மேனுக்கு ஒரு அக்கா. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். குழு வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். ஓட்டுநர்கள் தயங்கினார்கள். பஸ்காரம்மா பேனாவை வாங்கினாள். சின்ன எழுத்தில் அவளுக்கு எழுத வராது. மனுவின் அடியில் அவள் கையெழுத்து மட்டும் கடைப் பலகை மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டார்.

"வீட்டுல கொஞ்சம் சொல்லி வைங்க."

"சார், அவங்களுக்குச் சொல்லி வைக்கற அளவுக்கு நான் இன்னும் வளரலை சார்."

வேறு சமயமாக இருந்தால் இன்ஸ்பெக்டர் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை.

வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு கூடாது. மகளுக்குப் பரீட்சை நேரம், அவள் முன்னாலும் கூடாது. மிச்சமிருந்த இடம் மொட்டை மாடிதான். துணி காயப்போடுகிற சாக்கில் இருவரும் மேலே போவார்கள். நடுவில் ஈரப் போர்வை தொங்கும். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர்.

"அந்த ஒரு நொடி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது" என்பார் அவர்.

"தெரியாதுதான். அதனாலதானே கேக்கணும்ங்கறேன்? தெரிஞ்சிருந்தா எதுக்குக் கேக்கப்போறேன்?"

"கேக்கறவங்க யாரு? மளிகைக் கடைக்காரரும் பாட்டு வாத்தியாரும். அவங்களுக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும்?"

"சுடறது அவங்களைத்தானே? அது தெரியுமில்ல?"

"அவன் நம்ம வீட்டுப் பிள்ளைடி."

"செத்தவன் யாரு வீட்டுப் பிள்ளை?"

பக்கத்து மாடிக்காரர் துணி காயப்போட வந்துவிட்டு, வாளியோடு அப்படியே நின்று கேட்பார். அவள் குரலுக்கு மாடி எம்மாத்திரம், தெருமுனைவரை கேட்கும். அவர் தாழ்ந்த குரலில் பேசுவதால் தெருவுக்கு ஒரு பக்கத்து வாதம் மட்டுமே போய்ச் சேர்ந்தது. "நான் சொன்னதையும் கொஞ்சம் சத்தமா சொல்லேன், ஜனங்க கேக்கட்டும்" என்று அவர் ஒரு நாள் சொல்ல, அவள் சொன்னாள்: "ஏங்க, உங்க வாதத்துக்கும் நானேதான் கத்தணுமா?" இருவரும் போர்வையின் இரு பக்கத்திலும் நின்று சிரித்துவிட்டார்கள். அப்புறம் சண்டை தொடர்ந்தது.

நகர மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். குழு வேண்டுமா வேண்டாமா என்று யார் வேண்டுமானாலும் பேசலாம். பாதுகாப்புக்குப் போட்ட ஆட்களில் அவரும் ஒருவர். வேண்டுமென்றேதான் போட்டிருப்பார்கள். சீருடையில், வாசல் கதவருகே நின்றார். எதிர்ச் சுவரில் தீயணைப்புக் குப்பி ஒன்று மாட்டியிருந்தது. அதை எப்படி இயக்குவது என்று எழுதியிருந்ததை அன்று எத்தனை தடவை படித்தார் என்று அவருக்கே தெரியாது.

ஒயர்மேனின் அக்கா முதலில் பேசினாள். "என் தம்பி கையில இருந்தது டிரில் மெஷின்னு இப்போ எல்லாருக்கும் தெரியுது. அன்னிக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பான். அவன் ரொம்பப் பேசுவான்." அவ்வளவுதான் சொன்னாள். 

பிறகு பஸ்காரம்மா எழுந்தாள். ஒலிபெருக்கியை ஒதுக்கிவிட்டாள்.

"என் வண்டிக்குப் பின்னால ஒரு போன் நம்பர் எழுதியிருக்கு. நான் அவசரமா பிரேக் போட்டா, யாரு வேணும்னாலும் அந்த நம்பருக்குப் பேசலாம். பேசியிருக்காங்க. கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க, நானும் பதில் சொல்லியிருக்கேன். எனக்குக் கோவம் வந்திருக்கு. ஆனா அடுத்த நாள் பிரேக்கைப் பாத்துதான் மிதிச்சேன். என்கிட்ட இருக்கறது ஒரு வண்டிதான். துப்பாக்கி இல்ல."

கைதட்டல் எழுந்தது. மேடையில் இருந்த போலீஸ் பெரிய அதிகாரி அது அடங்கும்வரை காத்திருந்தார். பொறுமையான மனிதர்.

"அம்மா, நீங்க வண்டி ஓட்டும்போது உங்களைக் கொல்ல யாராவது வருவாங்களோன்னு பயந்துக்கிட்டு ஓட்டறதில்ல. என் பசங்க தினமும் அந்தப் பயத்தோடதான் வெளிய போறாங்க. போன வருஷம் ரெண்டு பேரு திரும்பி வரல. அவங்களுக்கு ஒரு நம்பர் எங்க எழுதியிருக்கு?"

பஸ்காரம்மா வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. அவள் பதில் வராமல் நின்றதை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ பின்னாலிருந்து, "உங்க வீட்டுக்காரரையே கேளுங்கம்மா, அங்கதான் நிக்கறாரு!" என்று குரல் விட, மண்டபம் முழுவதும் திரும்பிக் கதவைப் பார்த்தது. அவர் தீயணைப்புக் குப்பியைப் பார்த்தார்.

அன்றைக்கு அவள் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தாள். "அந்த ஆபீசர் சொன்னதும் நியாயம்தான். ஆனா அது பதில் இல்ல, இன்னொரு கேள்வி" என்றாள். அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' கொட்டினார்.

ஸ்டேஷனில் அவர் தட்டோடு போய் உட்கார்ந்தால் மேசையில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டிருப்பார்கள். அதாவது, முடித்துவிட்டதாக எழுந்துவிடுவார்கள். கட்டியவளையும் விட முடியாது, கட்டிய சீருடையையும் விட முடியாது. இரண்டு பக்கமும் எரிகிற குச்சிக்கு நடுவில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குட்டி வந்தான். சம்பவத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வராதவன். ஆள் பாதியாக இளைத்திருந்தான். பஸ்காரம்மா ஒன்றும் கேட்காமல் தட்டு வைத்தாள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அக்கா, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஏன்க்கா?"

"நடந்தது என்னன்னு நீ சொல்றதை யாராவது உக்காந்து முழுசா கேக்கணும்டா. இதுவரைக்கும் யாராவது கேட்டாங்களா?"

கடைக்குட்டி தலையைக் குனிந்தான். "கேட்டாங்க. ரெண்டு பேர் வந்தாங்க. என்ன சொல்லணும்னு அவங்களே சொன்னாங்க. நான் தலையாட்டினேன்."

அவர் சாப்பாட்டு மேசையின் இன்னொரு முனையில் இருந்தார். மேசையில் பேசக்கூடாத பேச்சு அது. இருந்தாலும் யாரும் நிறுத்தவில்லை. பஸ்காரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் அவர் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பார். அவள் பாட்டுக்குக் கடைக்குட்டியின் தட்டில் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "சாப்பிடு. வெறும் வயித்துல எதையும் முடிவு பண்ணாத" என்றாள்.

கொஞ்ச நாளில் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. நூலிழையில் குழு ஜெயித்தது. ஆனால் பல் இல்லாத குழு. யாரையும் வா என்று கட்டாயப்படுத்த முடியாது, விருப்பப்பட்டவர் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். உறுப்பினர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். பஸ்காரம்மாவும் பெயர் கொடுத்திருந்தாள். சீட்டு அவளுக்கு விழவில்லை, பக்கத்து மாடிக்காரருக்கு விழுந்தது. "இத்தனை நாள் ஓசியில கேட்டுக்கிட்டு இருந்தாரே, இனிமே உக்காந்து கேக்கட்டும்" என்றாள். சொன்னாளே தவிர, இரண்டு நாள் முகம் சரியாக இல்லை.

போலீஸ் சங்கம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது: நம்மில் ஒருவரும் அந்தக் குழு முன்னால் போய் நிற்கக் கூடாது. குழு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூட. விடுப்பு நாளொன்றில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு, தெருமுனையில் நின்று, அவள் ஓட்டிவந்த பேருந்திலேயே ஏறினார். கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். விடுப்பு நாளில் வெள்ளைச் சட்டையோடு எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை.  நகர மண்டப நிறுத்தத்தில் இறங்கினார். எல்லாரும் இறங்கி, எல்லாரும் ஏறிய பிறகும் வண்டி கிளம்பவில்லை. அவர் படியேறி உள்ளே போகும்வரை நின்றது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தது.

குழுவுக்குக் கொடுத்திருந்தது பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை. உட்கார்ந்தவர்களுக்கு உயரம் ஒன்றுபோல இல்லை. பாட்டு வாத்தியார் ஒருவர் குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் மூக்கைத் தொட உட்கார்ந்திருந்தார். சீருடை உத்தியோகத்திலிருந்து வந்த முதல் ஆள் என்பதால் அவர்களுக்கு அவரைவிடப் பதற்றம். பக்கத்து மாடிக்காரர் "வாங்க வாங்க" என்று வீட்டு விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு முகத்தை விறைப்பாக்கிக்கொண்டார்.

பிரமாதமாக ஒன்றும் கேட்கவில்லை. துப்பாக்கி யார் எடுத்துக் கொடுப்பது? எப்போது திரும்ப வரும்? பயிற்சி எத்தனை தடவை?

"வருஷத்துக்கு ஒரு தடவைங்க. அன்னிக்கு மழை பெஞ்சா அதுவும் கிடையாது."

"இருட்டுல பயிற்சி உண்டா?"

"இல்லீங்க. வெளிச்சத்துல, நிக்கற அட்டையைச் சுடுவோம். அட்டை திரும்பாது."

 தான் சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. பாட்டு வாத்தியார் கடைசியாகக் கேட்டார்: "இங்க வர்றதுக்கு உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம்தாங்க இருக்கு. ஆனா வராம இருந்தா வீட்டுல இருக்கறதுக்கும் பயமா இருந்தது."

சிரித்தார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த நாள் காலை ஆயுத அறையின் கம்பி ஜன்னலில் யாரோ ஒரு பழைய பேருந்துச் சீட்டைச் செருகி வைத்திருந்தார்கள். மறுநாள் இரண்டு. அதற்கப்புறம் தினமும். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் துப்பாக்கிகளை எடுத்துக் கொடுப்பார். "பாத்துப் போங்க" என்பார். பதில் வராது. சில வாரங்களில் சீட்டு வருவது குறைந்தது. பெண் காவலர் ஒருவர் ஒரு நாள் ஜன்னலருகே குனிந்து, "அண்ணே, அங்க என்ன கேக்கறாங்க?" என்றார். "மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறாங்க" என்றார் இவர். அந்தப் பெண் காவலரும் குழு முன்னால் போனார். பிறகு இன்னும் இருவர்.

எல்லாருக்கும் கடைசியில் கடைக்குட்டி போனான். அன்று ஒயர்மேனின் அக்காவும் அறையில் இருந்தாள். எச்சரித்தேன் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், ஆனால் எச்சரிக்கவில்லை என்றான். "நில்லுன்னு கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரல. கைதான் முந்திக்கிச்சு." ஒயர்மேனின் அக்கா எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டாள். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாளிலும் பேசவில்லை.

கடைக்குட்டிக்கு வேலை போனது. வழக்கு நடந்தது, சின்னத் தண்டனை ஒன்றில் முடிந்தது. தம்பியைப் பறிகொடுத்தவளுக்கு அது போதவில்லை, போலீஸ்காரர்களுக்கு அது அதிகமாகத் தெரிந்தது. தலையாட்டச் சொன்ன இரண்டு பேருக்கு ஊர் மாற்றத்தோடு சரி. இருட்டிலும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள், அட்டைகள் திரும்பும்படி ஏற்பாடு செய்தார்கள். கடைக்குட்டி வேறெங்கோ ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். எப்போதாவது போன் செய்வான். பஸ்காரம்மா சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவன் சாப்பிட்டேன் என்பான், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒயர்மேனின் அக்காவும் அவள் பேருந்தில்தான் கடைசிவரை போய்வந்தாள். தம்பி நின்ற இடத்தில் நிற்காமல் எப்போதும் பின்னிருக்கையில் போய் உட்காருவாள்.

வருஷங்கள் போயின. மகள் கல்யாணமாகி வேற்றூர் போனாள். முதலில் அவர் ஓய்வு பெற்றார், பிறகு பஸ்காரம்மா. ஓய்வு பெற்ற கையோடு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள், குரலைக் காப்பாற்ற முடியவில்லை. நாற்சந்தியையே நிறுத்திய தொண்டையிலிருந்து இப்போது காய்ந்த இலை உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் புரியும்.

வீடு இவ்வளவு பெரியதா என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பேச்சில் ஒரு தடவையாவது தோற்கடிக்க மாட்டோமா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பார். இப்போது மாடியில் நின்று அவர் வேண்டுமென்றே ஏதாவது குதர்க்கமாகச் சொல்லிப் பார்ப்பார். "அந்தக் குழுவால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு வை..." போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்காது. எட்டிப் பார்த்தால் உதடு வேகமாக அசைந்துகொண்டிருக்கும். உடனே கொடிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விடுவார். தன்னைத் திட்டுவதைக் கேட்க அவ்வளவு அவசரம்.

குழு இப்போதும் மாதா மாதம் கூடுகிறது. நாற்காலிகளையெல்லாம் ஒரே உயரத்தில் மாற்றிவிட்டார்கள். முதலில் இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. பொதுமக்களுக்கு என்று போட்டிருக்கும் வரிசையில் பெரும்பாலும் இவர்கள் இரண்டு பேர்தான். போன கூட்டத்தில் தலைவர், புதிதாக வந்த இளைஞர், சில புகார்களை இனி கதவை அடைத்துக்கொண்டு விசாரிக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். போலீஸ்காரர்கள் மனம்விட்டுப் பேச அது உதவும் என்றார். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தலையைக்கூட ஆட்டினார். அதற்குள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள் அவள். காதைக் கொடுத்தார். கேட்டார். வேண்டாமே என்று கண்ணால் கெஞ்சினார். கிள்ளினாள். எழுந்து நின்றார்.

"தலைவர் அவர்களே, மன்னிக்கணும். இது என் கேள்வி இல்ல. எனக்கு இதுல உடன்பாடும் இல்ல. வீட்டுக்காரம்மா கேக்கறாங்க."

"கேளுங்கையா."

"கதவை அடைச்சா, உள்ள பேசறவங்களுக்குத் தைரியம் வரும். சரி. செத்தவனோட அக்கா வெளிய நிப்பாளே, அவளுக்கு என்ன வரும்? இதுக்கு நீங்க... தயவுசெஞ்சு விளக்கம் தரணும்."

தலைவர் எதிரிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். அடுத்த மாதம் பேசலாம் என்று ஒத்திவைத்தார்.

பேருந்தில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தார்.

"என்ன? நீ சொன்னதைத்தானே கேட்டேன்?"

அவள் விரலை வளைத்துக் கூப்பிட்டாள். குனிந்தார்.

"நான் 'தயவுசெஞ்சு'ன்னு சொல்லவே இல்ல."

"சபையில கொஞ்சம் மரியாதை வேணாமா?"

"மன்னிப்பு வேற கேட்டீங்க. யாரைக் கேட்டு மன்னிப்புக் கேட்டீங்க?"

"அது என் சொந்த மன்னிப்பு. அதுல நீ தலையிடாத."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும், சத்தம்தான் இல்லை. அடுத்த மாதம் என்ன கேட்க வேண்டும் என்று இப்போதே சொல்ல ஆரம்பித்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனார்.